திருப்பி அனுப்பிய தார்

கலியாண மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனால்கூட யாராவது ஒருவர் பின்னால் வந்து நிற்பார். "சிவமண்ணை, டிறைவ்வேக்குத் தார் நல்லதோ, இன்ரர்லொக் கல்லு நல்லதோ?" இந்தக் குளிர் நாட்டில், ஸ்காபரோவிலும் பக்கத்து ஊரான மார்க்கத்திலும் எனக்குப் பெயரே தார்ச் சிவம்தான். பாதி ஆயுளை அடுத்தவன் வீட்டு வாசலில் கார் ஏறுகிற பாதைக்குத் தார் போட்டே கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகும் முழங்கால் வலியும் இந்தக் கேள்வியும் என்னை விட்டபாடில்லை. பந்தியில் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். நானும் பதில் சொல்வேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கள் மச்சான் சொன்னதைத்தான் செய்வார்கள்.

போன மாதம் கதை வேறு பக்கத்தால் வந்தது. நான் வேலை செய்த குழுவை இப்போது நடத்துகிற ரவி தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணை, குளிருக்கெண்டே இப்ப ஒரு தார்க் கலவை வருது. முந்தின மாதிரி அவ்வளவு சூடு தேவையில்லை. நவம்பர் கடைசியிலயும் போடலாம். ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்றான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "நல்லது தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தேன். மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போகுமட்டும் அப்படியே இருந்தேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கு வாசுகி அக்காவைத் தெரியும்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவன் அல்லன். அகதியாக வந்தவன், முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், பிறகு பிறம்ரன் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினேன். வெளியே நின்று வேலை செய்தால் மூச்சு விடலாம் என்று ஒரு சிநேகிதன் தார் போடும் குழுவில் சேர்த்துவிட்டான். முதல் கோடையில் சப்பாத்தின் அடி உருகி ஒட்டியது. மூச்சு விட்டேன்தான், எல்லாம் தார்ப் புகை. இரண்டு மூன்று வருடத்தில் மண்வெட்டியிலிருந்து றேக்குக்கு உயர்ந்தேன். கொட்டிய தாரைச் சூட்டோடு சூடாகச் சமப்படுத்துகிறவன் கையில் இருப்பதுதான் அந்த றேக். எங்கள் ஆட்கள் இதைப் பெரிய உத்தியோகமாக மதிப்பதில்லை. நானும் யாரோடும் வாதாடப் போனதில்லை.

முதலாளி ஓர் இத்தாலிக்காரர். வின்ஸ் என்று கூப்பிடுவோம். அவர் கத்திப் பேசி நான் கேட்டதில்லை. பிடிக்காவிட்டால் கையுறையைக் கழற்றுவார், அவ்வளவுதான். அதைக் கண்டால் அந்த வேலை நின்றது என்று எங்களுக்குத் தெரியும். காலையில் வேலைத்தலத்துக்கு வந்ததும் அவர் முதலில் செய்வது குனிந்து, தாருக்கு அடியில் பரப்பிய சல்லிக் கற்களின்மேல் புறங்கையை வைப்பது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் தாய் கை வைப்பதுபோல வைப்பார். சல்லி ஈரமா, இறுகியிருக்கிறதா, உள்ளே உறைந்துவிட்டதா என்று அந்தக் கைக்குத் தெரியும். வெப்பமானியும் வைத்திருந்தார். ஆனால் கைக்குப் பிறகுதான் அது வெளியே வரும். உறைந்த நிலத்தில் தார் போடுவதில்லை என்பது அவருடைய சட்டம். எந்தப் பெரிய மனிதர் வந்து கேட்டாலும் அதற்கு விலக்கு இல்லை.

இந்த ஊர்க் குளிருக்கு ஏன் தார் என்று கேட்கிறவர்களுக்கு அவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். பனிக்காலம் முழுக்க ஒரே குளிராக இருந்தால் பாதகமில்லை. இங்கே இன்றைக்கு உறையும், நாளைக்கு உருகும், மறுநாள் திரும்ப உறையும். கீழே இறங்கிய தண்ணீர் உறையும்போது வீங்கி நிலத்தை மேலே தள்ளும். கொங்கிறீற் வளைந்துகொடுக்காது, வெடிக்கும். பனி உருக உப்புப் போடப் போட மேல்தோல் உரியும். இன்ரர்லொக் பார்வைக்கு வடிவு. நாலு பனிக்காலம் போனால் ஒரு கல் ஏறி ஒரு கல் இறங்கி நிற்கும். தார் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். கறுப்பு என்றபடியால் வெயில் பட்டதும் பனி உருகி ஓடும். வெடித்தால் ஒட்டுப் போடலாம். ஆனால் அடிச்சல்லியை ஆழமாகப் போட்டு இடித்து இறுக்க வேண்டும், தண்ணீர் வீதிப் பக்கம் ஓடச் சரிவு வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சூடு வேண்டும். ஆலையிலிருந்து வந்த சூட்டிலேயே பரப்பி அந்தச் சூட்டிலேயே உருட்ட வேண்டும். ஆறிய தாரின்மேல் றோலரை எத்தனை தரம் ஓட்டினாலும் இறுகாது. உள்ளே காற்று நிற்கும், அந்த இடத்தில் தண்ணீர் புகும், பிறகு பொரிபொரியாகக் கழன்று வரும். அதனால்தான் மார்கழி பிறக்கு முன்பே தார் ஆலைகளை மூடிவிட்டுச் சித்திரையில் திறப்பார்கள்.

வாசுகி அக்கா என் மனைவியோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவரும் கணவர் நடேசண்ணையும் ரூஜ் என்கிற பகுதியில் ஒரு வீட்டில் இருந்தார்கள். ஒரே மகன் கஜன் மார்க்கத்தில். ஒரு புரட்டாதி மாதம் நடேசண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. முன்பே சிறுநீரகம் பழுது. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருகிறவர். இனி அதையும் சக்கர நாற்காலியில் இருந்துதான் செய்ய வேண்டும். வீட்டுக்கு விடுமுன் வீடு தோதாக இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாள். அன்று பின்னேரமே அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"சிவம், முன்வாசலால ஏத்தேலாது, படி இருக்கு. கராஜ் பக்கத்தால கொண்டுபோகலாமாம். ஆனா உந்தத் தரையில கதிரை உருளாதாம். பனிக்குள்ள இன்னும் மோசமாம். உதைச் செய்யாட்டி ஆளை முதியோர் ஹோமிலதான் விடவேணுமாம்."

போய்ப் பார்த்தேன். பழைய தார், கீழே சல்லி என்று பெயருக்குக்கூட இல்லை. கராஜ் வாசலில் நிலம் எழும்பி ஒரு வரம்பு, அதற்கு முன்னால் ஒரு பள்ளம். தண்ணீர் நின்று அங்கேயே உறையும். கஜனும் வந்திருந்தான். "அங்கிள், இன்ரர்லொக் போட்டா வீட்டு வால்யூ கூடும் எண்டு நினைச்சனான். பட் அப்பான்ர செயார் ஸ்மூத்தா போகவேணும். தட்ஸ் இற். நீங்கள் சொல்லுறதைச் செய்வம்" என்றான். தார்தான் என்று முடிவாயிற்று. ஐப்பசி தொடக்கம், நல்ல வெயில். வின்ஸ் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய் நடேசண்ணையிடம் சொன்னேன். கறுப்பாக, மினுக்காக வரப்போகிறது என்றேன். அரை வாயால் சிரித்து, "உன்ர… நிறம்" என்றார்.

சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்தது. நடேசண்ணையின் தமையனார் காலமாகிவிட்டார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவர் அந்த மனிதர். எங்கள் வழக்கத்தில் முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் கோயில் இல்லை, வீட்டில் எந்த வேலையும் புதிதாகத் தொடங்குவதில்லை, வாசலில் மண் வெட்டுவதில்லை. அக்கா ஐயரைக் கேட்டார். நோயில் கிடக்கிற வருத்தக்காரனுக்காகச் செய்கிற வேலைக்குத் துடக்குப் பார்க்கத் தேவையில்லை என்று ஐயரே சொல்லிவிட்டார். மறுத்தவர் நடேசண்ணைதான்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, ஐயரே ஓமெண்டிட்டார். திங்கள் கிண்டினா வெள்ளிக்குத் தார். அடுத்த கிழமை நீங்கள் வீட்டில."

"வேண்டாம்."

"குளிர் வந்தா ஒண்டும் செய்யேலாது அண்ணை. ஆலையைப் பூட்டிப்போடுவாங்கள்."

அவர் நல்ல கையால் கட்டில் கம்பியில் அடித்தார். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "செத்தவீட்டுக்குப்… போகேல்லை. தோள்… குடுக்கேல்லை. இதாவது… அண்ணைக்கு…" மிச்சம் வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குமேல் எப்படி வாதாடுவது? கடல் கடந்து கிடக்கிறவன், கால் விளங்காதவன், அண்ணனுக்குச் செய்யக்கூடியதாக அவருக்கு மிஞ்சியிருந்தது இந்தத் துடக்கு ஒன்றுதான். அறைக்கு வெளியே நடைபாதையில் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, பனி துடக்குப் பாராது."

"முப்பத்தொரு நாள்தானே சிவம். அவற்ர மனம் ஆறட்டும். நீ எப்பிடியும் செய்து தருவாய்" என்றார்.

வின்ஸிடம் இதை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. தகப்பன் செத்த பிறகு தன் தாய் சாகும்வரை கறுப்பு உடுப்புத்தான் போட்டாள் என்றார். வேலையைக் கடைசிக்குத் தள்ளி எழுதினார். "நிலம் விட்டால் செய்வோம்" என்றார். நான் அந்த ஐப்பசி முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தைப்போல அழகான ஐப்பசி எனக்கு ஞாபகம் இல்லை. ஒவ்வொரு நாளும் வெயில். அடுத்த தெருக்களில் தார் போட்டுக்கொண்டு அந்த வெயிலைச் சபித்தேன்.

அந்தியேட்டி முடிந்த அன்று மழை தொடங்கியது. மழை விட்டதும் பழைய தாரைக் கிளப்பி, மண்ணை வெட்டி, சல்லி போட்டு இடித்தோம். கராஜ் வாசல் வரம்பை எடுத்துச் சமமாக்கினோம். தாருக்கு நாள் குறித்தால் பனி கொட்டியது. உருகியது. திரும்பவும் குறித்தோம், இரவு நிலம் உறைந்தது. வின்ஸ் காலையில் வந்து கை வைப்பார், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அக்கா யன்னலில் நின்று அந்தக் கையைப் பார்ப்பார். நவம்பர் முடிகிற நேரம் ஒரு நாளைக்கு மட்டும் சூடு ஏறும் என்று வானிலையில் சொன்னார்கள். ஆலையும் அன்றோடு மூடுகிறது. வின்ஸ் கை வைத்துப் பார்த்தார். எழும்பி, "தார் லொறியை வரச் சொல்லு" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அக்கா சேலைக்குமேல் பெரிய குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு கராஜ் வாசலில் வந்து நின்றார். உள்ளே முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டாயிற்று. புது விரிப்பு, தலையணை, பக்கத்தில் நடேசண்ணையின் றேடியோ. கஜன் ஆஸ்பத்திரியில் கூட்டிவருகிற நாளையும் சொல்லிவிட்டான். நாங்கள் றோலரைச் சூடாக்கி வைத்துவிட்டு லொறியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. பெருந்தெருவில் விபத்து, வாகனங்கள் அசையவில்லை என்று சாரதி போனில் சொன்னான். காற்று எழும்பியது. வின்ஸ் முன்னும் பின்னும் நடந்தார்.

லொறி வந்து திரும்பி நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. நல்ல தார் வந்தால் மூடுசீலையை இழுத்ததும் ஆவி எழும்பி ஆளையே மறைக்கும். இதில் சோற்றுப்பானையில் வருகிற அளவுகூட இல்லை. வின்ஸ் ஏறினார். மண்வெட்டியால் குத்தினார், மேலே தோல் பிடித்திருந்தது, கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்தார். இன்னொரு இடத்திலும் விட்டுப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"திருப்பிக் கொண்டுபோ" என்று சாரதியிடம் சொன்னார்.

நான் கெஞ்சினேன். என் வேலைக் காலத்தில் அந்த மனிதரிடம் கெஞ்சியது அந்த ஒரு தரம்தான். "வின்ஸ், இந்தப் பனிக்காலம் மட்டும் நின்றால் போதும். சித்திரையில் கிளப்பிப் புதிதாகப் போடுவோம். நானே செய்கிறேன்."

"இது பனிக்காலம் நிற்காது சிவம். தை மாதமே பொரிந்துவிடும். நாற்காலிச் சில்லு அதற்குள் சிக்கும். அந்த மனிதர் முகம் குப்புற விழுவார். அப்போது யார் பதில் சொல்வது?"

அவர் சொன்னது சரி. அன்றும் சரி, இன்றும் சரி. அதுதான் என்னைத் தின்கிறது. யாரிலாவது பிழை இருந்தால் கோபப்பட்டு ஆறியிருப்பேன்.

லொறி உறுமிக்கொண்டு தெருவில் இறங்கியது. அக்கா என்னிடம் ஓடி வந்தார். "ஏன் சிவம், கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோறாங்கள்?"

"ஆறிப்போச்சுது அக்கா."

"திருப்பிச் சூடாக்கேலாதோ?"

கறியைச் சூடாக்குவதுபோல நினைத்துக் கேட்டார். ஏலாது என்று தலையை ஆட்டினேன். வின்ஸ் ஆலைக்குப் போன் அடித்துப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டார்கள், இனிச் சித்திரைதான் என்றார்கள்.

சல்லிக்குமேல் தடித்த பலகை அடித்துப் பாதை போட்டுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிப் பெண் வந்து வெறும் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தாள். முதல் நாள் விழுந்த பனி பலகையில் கண்ணாடியாகப் பிடித்திருந்தது. அவள் வழுக்கி என் தோளைப் பிடித்தாள். கிழமைக்கு மூன்று தரம், பனிக்காலம் முழுக்க, இதில் ஒரு நோயாளியைக் கொண்டுபோய் வர விடமாட்டேன் என்றாள். அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

இடம் கிடைத்தது பிறம்ரனில் ஒரு ஹோமில். நகரத்தின் ஒரு தொங்கல் அக்கா வீடு, மறு தொங்கல் அந்த ஹோம். சனி ஞாயிறு கஜன் கூட்டிப்போவான். மற்ற நாட்களில் அக்கா பஸ்ஸுக்குமேல் பஸ் மாறிப் போவார், சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு. பனிக்காலத்தில் எங்களுக்கு வேலை இல்லை என்பதால் பல நாள் நான் காரில் கொண்டுபோனேன். தமிழ் தெரிந்த ஒருவரும் அங்கே இல்லை. இருக்கிற அரைப் பேச்சையும் பேச ஆளில்லாமல் நடேசண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். என்னைக் கண்டதும் ஒரே ஒரு கேள்வி. "தார்?"

"சித்திரையில அண்ணை. திறந்த உடனை முதல் லொறி உங்களுக்குத்தான்."

தலையாட்டுவார். மாசிக்குப் பிறகு அந்தக் கேள்வியும் நின்றுவிட்டது. துடக்குக் காத்ததற்காக அவர் வருந்தினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கத் துணிவும் வரவில்லை. பங்குனி கடைசியில் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. ஆலை திறந்த கிழமை அவர் போய்விட்டார். இந்த நாட்டில் செத்தவனும் வீட்டுக்கு வருவதில்லை. ஹோமிலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து பார்வைக்கு வைக்கிற மண்டபம், பிறகு சுடுகிற இடம். அந்தச் சல்லியின்மேல் அவருடைய பெட்டிகூடப் போகவில்லை.

செத்த வீடு முடிந்த மூன்றாம் நாள் நானும் மனைவியும் அக்கா வீட்டுக்குப் போனோம். வீடு நிறைய ஆட்கள். அக்கா என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"ஆலை திறந்திட்டுதோ?"

"ஓம் அக்கா."

"அப்ப நாளைக்கு வந்து போடு."

நான் திகைத்துப்போனேன். "அக்கா, துடக்கெல்லோ. முப்பத்தொண்டு முடியட்டும், பிறகு…"

"துடக்குக்குள்ளதான் போடவேணும்."

நடேசண்ணையின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் கதிரையில் இருந்தபடியே, "வாசுகி, என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினார். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. "அவர் தன்ர தமையனுக்குத் துடக்குக் காத்தவர். நானும் ஓமெண்டு தலையாட்டினன். என்ர மனுசன் வீட்டுக்கு வராமலே போயிட்டுது. இனி எனக்கு ஒரு துடக்கும் இல்லை. ஆருக்குப் பிடிக்கேல்லையோ, அவை எழும்பிப் போகலாம்." ஒருவரும் எழும்பவில்லை.

வின்ஸ் முதல் லொறியை எங்களுக்கே எடுத்தார். பனி சல்லியைத் தூக்கிக் குலைத்திருந்தது. திரும்ப இடித்துச் சரிவு பார்த்தோம். அவர் புறங்கையை வைத்தார். நிலம் இளகி, வெயில் ஏறி, எல்லாம் அவர் கேட்டபடி இருந்தது. லொறி வந்து சீலையை இழுத்ததும் ஆவி எழும்பி எங்களை மூடியது. அதற்குள் நின்று நான் அழுதேன், யாருக்கும் தெரியவில்லை. றேக்கால் இழுத்துச் சமன் செய்தேன், பின்னால் றோலர் வந்தது. கராஜ் வாசல் விளிம்பில் முழங்காலில் இருந்து கைக்கட்டையால் அடித்து அடித்து, ஒரு மயிர்க்கனம்கூடத் தட்டாமல் பொருத்தினேன். எந்த நாற்காலியும் எண்ணெயில் போவதுபோல் போகும். நான் போட்ட தாரில் அதுதான் ஆகத் திறமானது. வின்ஸ் சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் கையை வைத்தார்.

வெளியே வந்த அக்கா கராஜ் வாசலிலேயே நின்றார், கால் வைக்கவில்லை. கறுப்பாக, மினுக்காக அது தெருவரைக்கும் கிடந்தது.

"எவ்வளவு காலத்துக்கு நிக்கும் சிவம்?"

வேலை முடிந்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வி. எங்கள் வேலையில் பெருமையோடு சொல்வதற்கு இருப்பது அந்த ஒரு பதில்தான். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

"வடிவாப் பாத்துக்கொண்டா இருவது வருசம் நிக்கும் அக்கா."

அக்கா அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருவது வருசம் நான் உதைப் பாத்துக்கொண்டிருக்கவேணுமோ?" என்றார்.